சதுரங்க உலக வெற்றியாளரையும் கணினி முழுமையாக அடக்கிவிடுமா?

கேள்வி:
1997இல் ஐபிஎம்மின் சதுரங்கக் கணினி டீப் புளூ, அன்றைய முன்னணி ஆட்டக்காரரான காஸ்பரோவை 3.5–2.5 என்ற சிறு வித்தியாசத்தில்தான் வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு அவரே 4–2 என வென்றிருந்தார். அப்படியிருக்க, இன்று கணினியை எவராலும் வெல்ல இயலாது என்பது மிகையல்லவா?

மறுமொழி 1:
மிகையில்லை, ஐயா. 2005இல் லண்டனில் ஹைட்ரா என்ற சதுரங்கக் கணினியுடன் ஆறு ஆட்டங்கள் ஆடிய இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸுக்குக் கிடைத்தது ஒரேயொரு டிரா. மறு ஆண்டு ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலுடன் ஆடிய ஓர் ஆட்டத்தில், உலக வெற்றியாளராக இருந்த கிராம்னிக், எஃப்8 கட்டத்தில் நின்ற வெள்ளைக் குதிரையின் துணையோடு வெள்ளை ராணி எச்7இல் இறங்கி மேட் (ராஜா தப்ப முடியாத முற்றுகை) செய்யவிருந்ததைக் காணாமல், தம் ராணியை வேறு பக்கம் நகர்த்தித் தோற்றார்.

மறுமொழி 2:
அந்த ஒரு நகர்வை வைத்து கிராம்னிக்கை எடைபோடுவது முறையன்று. 2002இல் பஹ்ரைனில் அவர் டீப் ஃபிரிட்ஸுடன் 4–4 எனச் சமன் செய்தவர். டிராவுக்கு இன்றும் வழியுண்டு: சிப்பாய்களைப் பூட்டி, எதிரிக் காய்கள் நுழைய இடமில்லாமல் கோட்டை கட்டிவிட்டால், தனக்கே சாதகம் என்று கணினி கணக்கிட்டாலும் முன்னேற முடியாது. வெற்றி என்பது வேறு கதை.

கேள்வி கேட்டவர்:
கணினி தன் காயைக் குறைத்துக்கொள்வது போன்ற சலுகை கொடுத்து ஆடினால்?

மறுமொழி 1:
2016இல் கொமோடோ என்ற சதுரங்க நிரல் அவ்வாறே ஆடியும் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகாமுராவை 2.5–1.5 என வென்றது.