பண்டாரவன்னியன் நாடகத்துக்குப் பிளாஸ்ரிக் கவசம்: எதில வெட்டுறது, எப்பிடி உடம்புக்குப் பொருத்துறது?

கேள்வி: ஒட்டுசுட்டான் ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டில நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறன். இந்த முறை நாடகப் போட்டிக்குப் பிள்ளையள் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன்ர கதையைப் போடவேணும் எண்டு நிக்கினம். கன பேர் கற்சிலைமடுப் பக்கத்துப் பிள்ளையள். 1803 ஒக்ரோபர் 31இல வெள்ளைக்காரப் படையின்ர கப்டன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடிச்ச இடம் எண்டு எழுதின கல்லைப் பாத்து வளந்ததுகள். அதால உடுப்பு நல்லா வரவேணும் எண்டு என்னைவிட அவைக்குத்தான் அக்கறை.

போன வருசம் வேறொரு அரச நாடகத்துக்குக் கவசம் வாடகைக்கு எடுத்தனாங்கள். தகரம். பெரிய ஆளின்ர அளவு. ராசாவா நடிச்ச பெடியன் வாளைத் தலைக்கு மேல தூக்க, விளிம்பு கமக்கட்டை வெட்டிப்போட்டுது. பாட்டின்ர நீட்டு வரியில மூச்சு எடுக்கேலாமல் குரல் அறுந்தது. சபைக்கு அது விளங்கேல்ல, எனக்கு விளங்கிச்சு. அவன் ஒரு சொல்லும் சொல்லாமல் முழு நாடகத்தையும் நடிச்சு முடிச்சவன். இன்னொரு பிள்ளையை அப்பிடி மேடையில விடமாட்டன்.

அதால நாங்களே பிளாஸ்ரிக்கில செய்யப்போறம். மார்புக்கவசம், முதுகுத்தகடு, தோள்மூடி, கைக்காப்பு, காற்காப்பு வேணும். வீடு கட்டின இடத்தில மிஞ்சின 110 மில்லிமீற்றர் பீவீசி பைப் இருக்கு, 160இலயும் ஒரு துண்டு கிடக்கு. பழைய நீலப் பரல் ஒண்டும் இருக்கு. தம்பியிட்ட சூட்டுக் காத்து ஊதுற ஹீற் கன் இருக்கு. நடிக்கிற பிள்ளைக்குப் பதினாறு வயசு, மெல்லிய உடம்பு, மார்புச் சுற்றளவு 76 சென்ரிமீற்றர். போட்டி மத்தியானம், தகரக்கூரை மண்டபத்தில. பரலோ பைப்போ நல்லம்? உடம்பில எப்பிடி நிக்கவைக்கிறது?

பதில்: கிளிநொச்சி பைப் வேலை

ரீச்சர், பரலை விட்டிடுங்கோ. அது எச்டிபிஈ எண்ட பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக். எந்தக் கமும் பிடியாது, பெயின்ற் அடிச்சால் பாம்புச் செட்டை மாதிரிக் கழண்டு வரும். முந்தி அதுக்குள்ள என்ன மருந்து இருந்ததோ, பிள்ளையின்ர தோலில படுற சாமானுக்கு அது சரிவராது.

பைப்பில செய்யுங்கோ. இரும்பறுக்கிற வாளால நெடுக்க ஒரு கீறு கீறி, சூடுகாட்டி விரிச்சால் தகடுதான். 80 பாகை கிட்ட வரேக்கையே பீவீசி இளகத் தொடங்கும். சின்னத் துண்டுக்குக் கொதிதண்ணியே காணும். அடுப்பு நெருப்பிலயோ காஸ் சுவாலையிலயோ நேர பிடிக்கக்கூடாது. கருகினால் வாற புகையில அமிலம் இருக்கு, கண்ணும் தொண்டையும் எரியும். ஹீற் கன் எண்டாலும் வெளி விறாந்தையில, காத்து வாற பக்கம் நிண்டு செய்யுங்கோ. மண்ணிறம் தட்டினால் சூடு கூடிப்போச்சு எண்டு அர்த்தம்.

பதில்: மாங்குளத்தான்

ரீச்சர், நான் செயற்கைக் கால் செய்யிற பட்டறையில கனகாலம் வேலை செய்தனான். இப்ப ஓய்வு. வன்னியில அந்த வேலைக்கு ஏன் அவ்வளவு ஆள் தேவைப்பட்டது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜெய்ப்பூர் கால் எண்ட செயற்கைக் காலில முழங்காலுக்குக் கீழ வாற கூடு, மேல தம்பி வேண்டாம் எண்டு சொன்ன அதே எச்டிபிஈ பைப்தான். அதைச் சூளையில இளக்கி, பிளாஸ்ரர் அச்சுக்கு மேல சூட்டோட இழுத்துப் போடுவம். பெயின்ற் விசயத்தில தம்பி சொன்னது முழுக்கச் சரி, உங்களுக்குப் பீவீசிதான் சுகம். நான் சொல்ல வாறது வேற விசயம். பிளாஸ்ரிக்கை உடம்பில போடுற வேலையில, எந்தப் பிளாஸ்ரிக் எண்டது ரண்டாவது. எலும்பு எங்க தோலுக்குக் கிட்ட நிக்குது எண்டதுதான் முதலாவது.

உங்கட பிள்ளைக்குக் காறை எலும்பு, தோள் நுனி, கடைசி விலா, இடுப்பெலும்பின்ர முன்முனை, முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு, இவ்வளவு இடத்திலயும் கவசம் முட்டக்கூடாது. சதை உள்ள இடத்தில அது இருக்கலாம், எலும்புக்கு மேல பாலம் மாதிரித் தாண்டிப் போகவேணும். மெல்லிய பிள்ளை எண்டு எழுதியிருக்கிறீங்கள், அப்ப இன்னும் கவனம்.

அளவு எடுக்கிற முறை இது. பழைய ரீசேட் ஒண்டைப் போடவிட்டு, அதுக்கு மேல மாஸ்கிங் ரேப்பைத் துண்டு துண்டா ஒட்டுங்கோ. சுத்திச் சுத்தி இறுக்க வேண்டாம், கழுத்துப் பக்கம் போகவே வேண்டாம். ஒட்டேக்க பிள்ளை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து நிக்கவேணும். ஆறுதலா நிக்கேக்க எடுத்த அளவில செய்தால், போன வருசம் நடந்ததுதான் திரும்ப நடக்கும். நடுக்கோடு, கமக்கட்டு, இடுப்பு மூண்டையும் மார்க்கரால கீறிப்போட்டு, ரண்டு விலாப்பக்கமும் ரீசேட்டோட சேத்து வெட்டிக் கழட்டுங்கோ. அதுதான் உங்கட வடிவம். பிளாஸ்ரர் ஒஃப் பரிசைப் பிள்ளையின்ர நெஞ்சில நேர போடவே கூடாது. இறுகேக்க சூடாகும், மூச்சையும் அமத்தும். அது பழகின ஆக்கள் செய்யிற வேலை.

பிறகு அந்த வடிவத்தைக் கார்ட்போட் மட்டையில வெட்டி, நூலால கட்டி, மட்டைக் கவசத்தோட ஒரு முழு ஒத்திகை பாருங்கோ. இருந்து எழும்பட்டும், முழங்காலில நிக்கட்டும், வாளைத் தூக்கட்டும், ஆக நீளமான பாட்டைப் பாடட்டும். எங்க முட்டுதோ அங்க கத்தரியுங்கோ. மட்டையில வெட்டுறதுக்குக் காசில்லை. கமக்கட்டு வெட்டு நீங்கள் நினைக்கிறதைவிட ஆழமா வரும், பயப்பிடாதேங்கோ. கை கீழ இருக்கேக்க அந்த இடைவெளியை ஆரும் காணாயினம்.

இப்ப பைப்புக்கு வருவம். 110 பைப்பின்ர சுத்து 34 சென்ரிமீற்றரும் கொஞ்சமும். பிள்ளையின்ர 76இல பாதி 38. முன்தகடும் பின்தகடும் விலாவில ஒண்டையொண்டு முட்டக்கூடாது, ஒவ்வொரு பக்கமும் ரண்டு ரண்டு சென்ரிமீற்றர் முன்தகட்டில குறையவேணும். ஆக 34. உங்கட பைப் அப்பிடியே காணும். பின்தகட்டை இன்னும் ஒடுக்கமா வெட்டலாம். விலா இடைவெளியை அகல இலாஸ்ரிக்கால இணையுங்கோ. மூச்சு அதுக்குள்ளாலதான் போய்வரும். 160 துண்டைத் தோளுக்கு வையுங்கோ, அதுக்கு அந்த அகலம் வேணும்.

யூரியாப் பையில மணலை நிரப்பி, கயிறு கட்டி, பிள்ளையின்ர நெஞ்சின்ர அமைப்புக்குத் தட்டி எடுங்கோ. அதுதான் உங்களுக்கு அச்சு. தகட்டை எல்லா இடமும் ஒரே சீராச் சூடாக்கி, துவண்டவுடன மணற்பையில போட்டு, தோல் கையுறையோட அமத்தி, ஈரத் துவாயால மூடி, முழுக்க ஆறுமட்டும் பிடிச்சிருங்கோ. பாதி ஆற விட்டால் பைப் தன்ர பழைய வளைவுக்குப் போகப் பாக்கும். செய்து முடிச்ச பிறகும் அந்தக் குணம் போகாது. கவசத்தை வானுக்குள்ள பூட்டி வெயிலில விட்டிட்டுப் போகாதேங்கோ.

காற்காப்புக்கு நேர்த் துண்டு சரிவராது. மேல அகலம், கணுக்காலடியில ஒடுக்கம் எண்டு சரிச்சு வெட்டவேணும், இல்லாட்டி நடக்க நடக்கக் கீழ வழுகி பாதத்தில குத்தும். கைக்காப்பு முழுக் குழலா வேண்டாம். மூண்டில ரண்டு பங்கு மூடினால் காணும், உள்பக்கம் திறந்து வெல்க்ரோ பட்டி போடுங்கோ.

விளிம்புதான் பிள்ளையை வெட்டுறது, அதால இதில அவசரப்படாதேங்கோ. கமக்கட்டிலயும் கழுத்திலயும் கடைசி ஒரு சென்ரிமீற்றரைச் சூடாக்கி, ஒரு மரக்கட்டையால வெளிப்பக்கம் மடக்குங்கோ. பிறகு அரத்தால உருட்டி, மணற்கடதாசி போட்டு, உங்கட சொந்தக் கன்னத்தில விளிம்பைத் தேச்சுப் பாருங்கோ. கைவிரல் காய்ச்சது, பொய் சொல்லும். கன்னம் சொல்லாது. உள்மூலை எதையும் கூரா விடக்கூடாது, வெடிப்பு அங்கயிருந்துதான் தொடங்கும். றிவெற் ஓட்டை விளிம்பிலயிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு மேல தள்ளி இருக்கட்டும், ரண்டு பக்கமும் வாசர் போடுங்கோ.

பாரம் கழுத்தடிப் பக்கத் தோளில இருக்கவேணும், தோள் நுனியில இல்லை. அஞ்சு சென்ரிமீற்றர் அகலப் பட்டி போடுங்கோ, மிச்சப் பாரத்தை அரைப்பட்டி தாங்கும். உள்ள கைவைச்ச பருத்திப் பெனியன் ஒண்டு கட்டாயம்.

கடைசியா, நாங்கள் ஒவ்வொரு காலுக்கும் பாக்கிற சோதனை. கவசத்தைப் போட்டுக் கொஞ்ச நேரம் நடக்கவிட்டுக் கழட்டித் தோலைப் பாருங்கோ. சிவந்த இடம் இருக்கும். 20 நிமிசத்துக்குள்ள அது மறைஞ்சால் பிழையில்லை. மறையாட்டி அந்த இடத்தில திரும்பச் சூடாக்கி வெளியில தள்ளுங்கோ. பிள்ளையிட்ட "நோகுதோ" எண்டு கேட்டால் "இல்லை சேர்" எண்டுதான் சொல்லும். தோலைத்தான் கேக்கவேணும்.

பதில்: ஸ்காபரோ கவசக்காரன்

மாங்குளத்து ஐயா எழுதினதை அச்செடுத்து என்ர வேலை மேசைக்கு மேல ஒட்டியிருக்கிறன். நான் இஞ்ச பொழுதுபோக்கா ஏபிஎஸ் எண்ட இன்னொரு வகைப் பிளாஸ்ரிக் தகட்டில கவசம் செய்யிறனான். ஏபிஎஸ் கிடைச்சால் அசிற்றோனால ஒட்டலாம், ஆனால் அந்த முறையைப் பீவீசிக்குக் கொண்டு வராதேங்கோ, அதுக்குப் பைப் கம்தான்.

தோள்மூடி பற்றிக் கொஞ்சம் சொல்லுறன். ஒரே துண்டா வளைச்சால் கையைத் தூக்கேக்க அது காதில வந்து முட்டும். உண்மையான உருக்குக் கவசத்திலயே தோளைப் பட்டை பட்டையா அடுக்கி, உள்ள தோல்வாரில றிவெற் அடிச்சவை. நீங்களும் 160 பைப்பில மூண்டு வளைஞ்ச பட்டையை வெட்டி, ஒண்டு மற்றதுக்கு மேல கொஞ்சம் ஏறுறமாதிரி நைலோன் நாடாவில கோத்து விடுங்கோ. மேல் பட்டையை மட்டும் தோள்பட்டியில கொளுவினால் போதும். கையோட சேந்து அதுவும் மடங்கி விரியும்.

பெயின்ற் அடிக்க முன்னம் மினுக்கம் போகுமட்டும் மணற்கடதாசி போடுங்கோ. பிறகு பிளாஸ்ரிக்குக்கான பிறைமர், அதுக்கு மேல மங்கின கறுப்பு. காய்ஞ்ச பிறகு கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில வெள்ளி நிறத்தைத் தொட்டு, விளிம்பிலயும் மேடான இடத்திலயும் மட்டும் தேச்சு விடுங்கோ. முழுக்க வெள்ளி அடிச்சால் தூரத்தில பைப் மாதிரித்தான் தெரியும்.

பதில்: முள்ளியவளை கூத்து

நான் கோவலன் கூத்துப் பாத்தும் ஆடியும் வளந்தவன். எங்கட பழைய ஆக்கள் மரத்தில செதுக்கி, கண்ணாடித்துண்டு பதிச்ச அணியளைக் கட்டி விடிய விடிய ஆடினவை. பாரம் இருந்தது, ஆனால் நெஞ்சைச் சுத்தி ஒண்டும் இறுக்காது. பாடுற ஆளின்ர விலா திறந்து கிடக்கும். மாங்குளத்து அண்ணை சொன்ன இலாஸ்ரிக் அதே வேலையைத்தான் செய்யும்.

ஆரும் சொல்லாத ஒண்டு: சத்தம். பிளாஸ்ரிக் ஒண்டோடொண்டு அடிபட்டால் கடகடவெண்டும். பாட்டுக்கு மேல அது கேட்டால் காட்சி கெட்டுப்போகும். பட்டைக்குப் பட்டை ஏறுற இடத்தில, உள்பக்கம் பழைய கம்பளித் துணியோ செருப்பு றப்பரோ மெல்லிசா ஒட்டிவிடுங்கோ. மினுமினுக்கிற வார்னிசும் வேண்டாம், மேடை வெளிச்சம் பட்டுப் பிள்ளையின்ர முகத்தை மறைக்கும்.

இன்னொண்டு. உடுப்பைக் கடைசிக் கிழமைக்கு எண்டு பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ. ஒத்திகை தொடங்கேக்கையே போடட்டும். உடுப்போட பழகின ஆட்டம் வேற, உடுப்பில்லாமல் பழகின ஆட்டம் வேற. முல்லைத்தீவுக் கோட்டையை அடிக்கிற காட்சியில அவன் ஓடவேணும் எல்லோ? அந்த ஓட்டத்தைக் கவசம்தான் அவனுக்குப் பழக்கும்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்

எல்லாருக்கும் மனம் நிறைஞ்ச நன்றி. பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டினன். மாங்குளத்து அண்ணை காலைப் பற்றி எழுதின பந்தியில வகுப்பு அப்பிடியே அமைதியாப் போச்சு. அதில ரண்டு பிள்ளையளின்ர தகப்பன்மார் அந்தக் காலோடதான் தோட்டம் செய்யினம். அதில ஒரு பிள்ளை, விளிம்பு மடக்கிற வேலை தனக்குத்தான் எண்டு கேட்டு வாங்கிட்டாள்.

மட்டைக் கவசம் வெட்டியாச்சு. அண்ணை, ரண்டு கேள்வி. பிள்ளைக்குக் காட்சி நடுவில அவசரமா உடுப்பாட்டவேணும். எந்த ஒழுங்கில போடுறது? அந்தத் தகரக்கூரைக்குக் கீழ எவ்வளவு நேரம் போட்டிருக்கலாம்?

மாங்குளத்தான்

முதல் காற்காப்பு. மார்புத்தகடு ஏறின பிறகு குனியேலாது. பிறகு அரைப்பட்டி, அதைக் கொஞ்சம் தளத்தி விடுங்கோ. அதுக்குப் பிறகு முன்தகடும் பின்தகடும், தோள்பட்டியால ஏற்கெனவே இணைச்சபடி, ரீசேட் போடுறமாதிரித் தலையால. விலா இலாஸ்ரிக்குக்குக் கொளுக்கி வையுங்கோ, பொத்தான் வேண்டாம், வியர்த்த கையால பொத்தான் பூட்டேலாது. இப்ப அரைப்பட்டியை இறுக்குங்கோ. தோள்மூடி, கைக்காப்பு கடைசி. இடது வலது எண்டு ஒவ்வொரு துண்டுக்கும் உள்பக்கம் பெயின்றால எழுதிவிடுங்கோ, இருட்டில ரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

நேரத்துக்கு ஒரு கணக்குச் சொல்லமாட்டன், பிள்ளைக்குப் பிள்ளை வேற. தன்ர காட்சிக்குச் சரியா முன்னம் போட்டு, முடிஞ்சவுடன மார்புத்தகட்டைக் கழட்டவேணும். அதுக்கெண்டு ஒரு பிள்ளையை மேடைப் பக்கத்தில தண்ணிப் போத்தலோட நிறுத்துங்கோ. பின்தகட்டின்ர கீழ்ப் பாதியை வெட்டி எறியுங்கோ, சால்வை மூடும், காத்துப் போகும். தலை சுத்துது எண்டு அவன் சொன்னால், இல்லை முகம் வெளிறினால், காட்சி நடுவில எண்டாலும் திரையை விடுங்கோ. விலாக் கொளுக்கி ரண்டையும் ஒரே இழுவையில கழட்டுறமாதிரி வைச்சிருக்கவேணும், அதை ஒத்திகையிலயே அந்தத் தண்ணிப் போத்தல் பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கோ.