மூன்று–ஐந்து வயதில் வாழ்க்கைத் திறன்: சோதனை வைத்து அளப்பதா, கூட இருந்து பார்ப்பதா?

(அளவுகோல் சோதனையின் பக்கம், முற்றம் கூட இருந்து பார்ப்பதன் பக்கம், கணக்கர் மார்க்கை நம்பலாமா என்ற பக்கம் பேசுகிறார்கள்.)

அளவுகோல்:
"எப்போதும் / சில நேரம் / இல்லை" என்று டீச்சர் டிக் போடும் படிவத்தை வைத்துப் பிள்ளையின் சுயக்கட்டுப்பாட்டைச் சொல்லவே முடியாது. சத்தம் போடாத பிள்ளைக்கு எல்லாக் கட்டத்திலும் "எப்போதும்" விழுந்துவிடும். நேரடிச் சோதனைதான் சரி. "தலையைத் தொடு" என்றால் கால்விரலைத் தொட வேண்டும். "கால்விரல்" என்றால் தலையை. பத்துக் கட்டளைகள். சரி 2, தவறு 0. தலைக்குப் போன கையைப் பாதியில் தானே திருப்பினால் 1. அந்த 1-ஐத்தான் எந்தப் படிவமும் பிடிக்காது.

முற்றம்:
மூன்று வயதில் அந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் 0-தான் வரும். கட்டுப்பாடு இல்லையா, கட்டளை புரியவில்லையா? எண் சொல்லாது. ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவோம் என்று சொல்லிப் பார்க்கும் மார்ஷ்மெல்லோ சோதனையும் இப்படித்தான். ராசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 பிள்ளைகளிடம் செய்து பார்த்த ஆய்வு 2013 இதழில் வந்தது. சோதனைக்கு முன்பு, சொன்ன பொருளைக் கொண்டுவந்து கொடுத்தவரிடம் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். அங்கே அளந்தது பிள்ளையின் பொறுமையை மட்டும்தானா?

அளவுகோல்:
புரிகிறதா என்று பார்க்கத்தான் முதலில் பயிற்சிச் சுற்று. சொன்னபடியே தொடத் தெரியாத பிள்ளைக்கு 0 போடாதீர்கள், "சோதிக்கவில்லை" என்று எழுதுங்கள். சரி, உங்கள் வழி என்ன?

முற்றம்:
கை கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நனைப்பது, சோப்பு போடுவது, விரலிடுக்கு தேய்ப்பது, அலசுவது, குழாயை மூடுவது, துடைப்பது என்று ஆறு படிகள். தானாகச் செய்தால் 3, வாயால் சொன்ன பிறகு செய்தால் 2, செய்து காட்டிய பிறகு 1, கையைப் பிடித்துச் செய்யவைத்தால் 0. வெவ்வேறு மூன்று நாள், அந்த இடத்திலேயே குறிக்க வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினால் வீண். குழாய் உயரமாக இருந்தால் மொத்த வகுப்புக்கும் ஐந்தாவது படியில் மார்க் குறையும். அது குழாயின் குறை, பிள்ளையுடையது அல்ல.

கணக்கர்:
இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டால்தான் இது அளவீடு. ஆனால் எல்லாருக்கும் 3 விழும் படியில் 90 சதவீதம் ஒத்துப்போனாலும் அதில் பொருளில்லை. தற்செயல் ஒற்றுமையைக் கழிக்கும் காப்பா கணக்கைப் போடுங்கள்.

அளவுகோல்:
கை கழுவுவது தினமும் நடக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். விட்டுக்கொடுப்பதை எப்படி அளப்பீர்கள்? மூன்று நாளும் சண்டையே வராவிட்டால்?

முற்றம்:
வாய்ப்பு வராத கட்டம் காலியாகவே இருக்கட்டும், 0 வேண்டாம். நாலு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பந்தைக் கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். கேட்டு வாங்குகிறதா, முறைக்குக் காத்திருக்கிறதா, பிடுங்குகிறதா, ஒதுங்கிவிடுகிறதா? ஒதுங்கும் பிள்ளையை "விட்டுக்கொடுக்கிறது" என்று குறித்துவிடாதீர்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது அங்கேதான்.