ராலே சைக்கிள்: செயின் பக்கக் கப் கழலவே மாட்டேங்குது, ஸ்பானர் எங்க கிடைக்கும்?

பள்ளத்தூரான்:
எங்க ஐயா ஓட்டின ராலே. இரண்டாங்கட்டுல நெல்லு மூட்டைக்குப் பின்னால கெடந்துச்சு. பெடல் கட்டையை அச்சோட பிடிக்கிற காட்டர் பின் ரெண்டும் தட்டி எடுத்தாச்சு, பெடல் அச்சு சுத்துற இடது பக்கக் கப்பும் வந்துருச்சு. செயின் பக்கத்துக் கப் மட்டும் அசையல. பைப் ரெஞ்சுல நாலடிக் குழாய் சொருகி நானும் தம்பியும் தொங்கிட்டோம். பட்டை மழுங்கினதுதான் மிச்சம். இதுக்குன்னு தனி ஸ்பானர் உண்டாமே? காரைக்குடியில கேட்டா, "புதுசு வாங்கிக்கங்க தம்பி"ங்கிறாங்க.

கோட்டையூர் பட்டறை:
எந்தப் பக்கம் திருப்புனீங்க தம்பி?

பள்ளத்தூரான்:
எல்லா நட்டும் மாதிரி, கடிகார முள்ளுக்கு எதிராத்தான்ணே.

கோட்டையூர் பட்டறை:
அப்ப இத்தனை நாளும் இறுக்கிக்கிட்டு இருந்திருக்கீங்க! அந்தப் பக்கம் இடது மரை. முள்ளு சுத்துற பக்கமே திருப்பணும்.

ஸ்பானர் தேடி அலைய வேணாம். கப் ஓட்டைக்குள்ள போற தடியான போல்ட் ஒண்ணு, பெரிய வாசர் ரெண்டு, நட்டு ஒண்ணு போதும். போல்ட்டுத் தலை வெளியே, நட்டு உள்ளே. இடது பக்கம் வழியா பாக்ஸ் ஸ்பானரை விட்டு நட்டைப் பிடிச்சுக்கிட்டு நல்லா முறுக்குங்க. அப்புறம் நட்டை விட்டுட்டு போல்ட்டை மட்டும் அதே பக்கம் திருப்புங்க. போல்ட் இறுகுற சுத்துலதான் கப் கழலுது, அதனால எவ்வளவு முறுக்கினாலும் பிடி நழுவாது. முதல் நாள் ராத்திரியே மண்ணெண்ணெய் விட்டு வைங்க.

பழைய கப்பைத் தூக்கிப் போட்டுறாதீங்க. மத்த இங்கிலீஷ் சைக்கிளுக்கு அங்குலத்துக்கு 24 மரை, இங்கிலாந்து நாட்டிங்காம்ல செஞ்ச ராலேக்கு 26. மாத்திப் போட்டு முறுக்கினா பிரேம் மரையே போயிரும்.

தேவகோட்டை ரஸ்தா:
பள்ளத்தூர்க்காரர் வீட்டுல ராலேயா? 1949ல டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பிச்சதே உங்க ஊரு முருகப்பா குடும்பம்தானே, அவங்க ஹெர்குலிஸ்ல இல்ல போகணும்!

ஸ்பானர் விஷயத்துக்கு வர்றேன். மத்த நட்டுக்கு 'W' போட்ட விட்வொர்த் (பழைய இங்கிலீஷ் அங்குல அளவு) ஸ்பானர் கிடைச்சா விடாதீங்க. அதுல இருக்கிற எண் போல்ட்டோட அளவு, வாயோட அளவு இல்ல. கால் அங்குல W-க்கு வாய் 13.3 மில்லி. நம்ம 13 நுழையாது, 14 நட்டைத் தின்னுரும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில எனாமல் சட்டிக்கு அடியில கெடந்த ஒரு செட்டை நான் கிலோ கணக்குலதான் வாங்கினேன். தனியா "ஸ்பானர்"னு கேட்காதீங்க, விலை ஏறிரும்.

பள்ளத்தூரான்:
வந்துருச்சுண்ணே! ஒரே திருகுல 'கிரீச்'னு. உள்ளே கிரீஸ் கருப்பட்டி மாதிரி உறைஞ்சு போயிருக்கு. பக்கத்துக்கு எத்தனை பால்ரஸ்?

கோட்டையூர் பட்டறை:
கால் அங்குலம், பக்கத்துக்கு 11.

பள்ளத்தூரான்:
இந்தப் பக்கம் பத்துதான் இருக்கு. ஐயா பத்துலயே ஓட்டியிருக்காரு போல.