சின்ன விமானமும் ரொறன்ரோவின் பெரிய பியர்சன் நிலையத்தில்தான் இறங்க வேண்டுமா?

பட்டன்வில்172 | 2021 மார்ச் 6

மூன்று பேர் சேர்ந்து வாங்கிய செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சின்ன விமானம் ஒன்று ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள பட்டன்வில் விமான நிலையத்தில் நிற்கிறது. அக்கா குடும்பம் எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் பஃபலோவில். கொவிட்டுக்கு முன் மாதம் ஒருமுறையாவது போய்வருவேன். நேராகப் போனால் 60 கடல்மைல் வரும், ஒன்ராறியோ ஏரியைத் தாண்டி நாற்பது நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். (ஒற்றை எஞ்சினோடு ஏரிக்கு மேலால் போவது மனைவிக்குப் பிடிக்காது. அவர் வந்தால் ஹமில்ரன் பக்கமாகக் கரையோரம் சுற்றித்தான்.) திரும்பி வரும்போது இரண்டு மணி நேரமாவது முன்னதாகக் கனடாவின் எல்லைச் சேவைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு பட்டன்வில்லில் இறங்குவேன். அதிகாரி வந்தால் வந்து பார்ப்பார். வராவிட்டால் இன்னொரு அழைப்பு, ஒரு பதிவெண், அப்புறம் வீடு.

கனடாவின் புதிய கொவிட் விதியால் பெப்ரவரி 3 நள்ளிரவோடு அது போச்சு. வெளிநாட்டிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் விமானம் எதுவானாலும், தனியார் விமானம் உட்பட, மொன்றியல், ரொறன்ரோ பியர்சன், கல்கரி, வான்கூவர் என்ற நான்கில் ஒன்றில்தான் இறங்க வேண்டுமாம். சரக்கு விமானத்துக்கும் கனடாவின் கிழக்குக் கரைக்கு அருகில் பிரான்சுக்குச் சொந்தமான செயின்ட் பியர் மிக்கலோன் தீவுகளில் இருந்து வருவதற்கும் மட்டும் விலக்கு.

விமானத்தில் நான் ஒருவன்தான். என்னைப் போய் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்திறங்கும் இடத்தில் இறங்கச் சொல்வது எந்த விதத்தில் தொற்றைக் குறைக்கும்?

இரவுப்பணி | மார்ச் 6

அண்ணா, நான் ஸ்காபரோவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் விமானத்துக்குள் தனியே இருந்ததைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பஃபலோவில் அக்கா வீட்டில் யாரோடு இருந்து சாப்பிட்டீர்கள் என்பதுதான் கேள்வி.

பெப்ரவரி 22 முதல் விமானத்தில் வருகிறவர்களுக்கு இறங்கியதும் ஒரு சோதனை, முடிவு வரும்வரை மூன்று இரவு வரை ஹொட்டேல், பிறகு மீதி நாட்கள் வீட்டில் தனிமை, மொத்தம் 14 நாள். பட்டன்வில்லில் உங்கள் மூக்கில் குச்சி விட யார் இருக்கிறார்கள்? பீற்றர்பரோவில்? ஒஷாவாவில்? ஒவ்வொரு சின்ன நிலையத்துக்கும் ஒரு தாதி, ஒரு அதிகாரி, ஒரு ஹொட்டேல் பேருந்து என்று வைக்க முடியுமா? எங்களுக்கே ஆள் காணாது.

ரொறன்ரோவுக்கு வடக்கே பாரி நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஜனவரியில் பிரித்தானிய வகைக் கொவிட் கிருமி நுழைந்து, அங்கிருந்த ஏறக்குறைய எல்லோருக்கும் பரவியது மறந்துபோச்சா?

பட்டன்வில்172 | மார்ச் 6

மறக்கவில்லை தங்கச்சி. நான் சோதனை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஜனவரி 7இல் இருந்து, புறப்படுவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் முடிவு கேட்கிறார்கள், சரி. தனிமை 14 நாள், அதுவும் சரி, வீட்டு பேஸ்மென்ற்றில் இருந்துவிடுவேன்.

ஆனால் இதைப் பாருங்கள். புளோரிடாவில் இருந்து பயணிகள் விமானத்தில் நூற்றைம்பது பேரோடு பஃபலோவுக்கு வருகிறார் ஒருவர். அங்கே டாக்சி பிடித்து எல்லையில் உள்ள பீஸ் பாலத்தால் கனடாவுக்குள் வருகிறார். தரைவழி வந்தால் சோதனை உண்டு, ஹொட்டேல் இல்லை. அவர் நேரே வீட்டுக்கு. தனியே பறந்து வந்த நான் ஹொட்டேலுக்கு. என் விமானத்தை டாக்சியில் ஏற்ற முடியாதே!

பியர்சனில் இறங்குவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். பெரிய ஜெட் போன தடத்தில் காற்றுச் சுழல் கிடக்கும். என் விமானத்தை அது புரட்டிப் போட்டுவிடும். வாரம் ஒருதரம் பறக்கிறவனை அங்கே அனுப்புவது பாதுகாப்பா?

பவுண்டரிபே | மார்ச் 7

வான்கூவர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் திருச்சி. இங்குள்ள பவுண்டரி பே விமான நிலைய ஓடுபாதையிலிருந்து கிளம்பினால் பாயின்ட் ராபர்ட்ஸ் கண்ணெதிரே தெரியும். அமெரிக்க மண்தான், ஆனால் கனடா வழியாக மட்டுமே தரையில் போக முடிகிற ஒரு மூலை. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மாநிலத்தின் மற்ற பகுதிக்கே போக முடியாமல் தவித்து, போன ஆகஸ்டில் அதே மாநிலத்தில் உள்ள பெல்லிங்ஹாமுக்குப் படகு விட்டார்கள். எல்லா விதியும் ரொறன்ரோவை மனதில் வைத்து எழுதியது போலத்தான் இருக்கிறது. அந்த வகையில் நண்பர் பக்கம்தான் நான்.

ஆனால் ஒன்று. எங்கள் ஹேங்கரில் ஒருத்தர் "விமானக் குழுவினருக்குத் தனிமை விலக்கு இருக்கு, ஓட்டுறது நான், அப்போ குழுவும் நான்" என்று சட்டம் பேசினார். வேலைக்காகப் பறப்பவர்களுக்குத் தந்த சலுகையில் உறவினரைப் பார்க்கப் போகிறவர் நுழைவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் இப்படிச் செய்யச் செய்யத்தான் நான்கு நிலையம் என்று கதவை இறுக்குகிறார்கள்.

கடைசிவரிசை | மார்ச் 7

மூன்று பேருமே அடிப்படையை விட்டுவிட்டீர்கள்.

நான் கனடாவின் வின்ட்சரில் இருக்கிறேன். அம்மா ஆற்றுக்கு அப்பால் அமெரிக்காவின் டெட்ரோயிட்டில். ஆற்றங்கரையில் நின்றால் அம்மா இருக்கிற நகரம் தெரிகிறது. போன வருடம் மார்ச் 21 முதல், சும்மா பார்க்கப் போகிறேன் என்றால் அமெரிக்கா தரைவழி விடுவதில்லை. அதே அமெரிக்கா, வானத்தால் வந்தால் விடுகிறது! ஜனவரி 26க்குப் பிறகு ஒரு கொவிட் சோதனை முடிவைக் காட்டினால் போதும். இந்தக் குளிர்காலத்தில் புளோரிடா போகிற பெரியவர்கள் நயாகராப் பக்கத்திலிருந்து ஹெலிகொப்டரில் பஃபலோவுக்குப் பறந்தார்கள். அவர்களுடைய கார் தனியாக லொறியில் ஏறிப் போனது. சில நிமிடப் பறப்பு, அவ்வளவுதான்.

பறக்க வழியுள்ளவனுக்கு எல்லையே இல்லை, என் போன்றவனுக்கு ஆறு கூட எல்லை. இதில் நீங்கள் எந்த நிலையத்தில் இறங்குவது என்று அழுகிறீர்கள்.

பட்டன்வில்172 | மார்ச் 7

சொந்த விமானம் என்றதும் கோடீஸ்வரன் என்று நினைக்க வேண்டாம் தம்பி. என் மூன்றிலொரு பங்கு, உங்கள் ஊர் ஆட்கள் ஓட்டும் பிக்கப் வண்டியை விட மலிவு. விமானத்துக்கு என்னை விட ஒரு வயதுதான் குறைவு.

அம்மாவைப் பார்க்க முடியாதது கொடுமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களுக்குக் கதவு மூடியிருப்பதால் எனக்கும் மூட வேண்டும் என்பது நியாயமா? உங்கள் கதவைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

இரவுப்பணி | மார்ச் 8

வேலை முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

டாக்சி ஓட்டை பற்றி அண்ணா சொன்னது சரி. அது வெட்கக்கேடு. அதை அடைக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது என்பதற்காக இன்னொன்றையும் திறந்துவிடுங்கள் என்கிறீர்கள். நம்பிக்கையின் பேரில் "ஒரு பதிவெண், அப்புறம் வீடு" என்ற முறை சாதாரண காலத்துக்கு நல்லது. இப்போது அது யாரும் இல்லாத வாசல்.

காற்றுச் சுழல் பற்றி எனக்குத் தெரியாது. அது உண்மையில் ஆபத்து என்றால், போகாமல் இருப்பது ஒரு வழி இல்லையா? அக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுங்கள்.

பட்டன்வில்172 | மார்ச் 8

அக்காவுக்குக் கீமோ நடக்கிறது. வீடியோவில் தலையை மூடிக்கொண்டு பேசுகிறா.

இரவுப்பணி | மார்ச் 8

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணா. நோயாளி ஒருவரைக் கவனிக்கப் போகிறவர்களுக்கு இரக்க அடிப்படையில் விண்ணப்பம் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கனடாவுக்குள் வருகிறவர்களுக்கு. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். கீமோ எடுக்கிறவரிடம் போகும்போது நீங்கள்தான் அவவுக்கு ஆபத்து, அதையும் யோசியுங்கள். கோபத்தில் சொல்லவில்லை.

கடைசிவரிசை | மார்ச் 8

நான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் அக்கா குணமாக வேண்டும்.

பட்டன்வில்172 | 2021 டிசம்பர் 4

பழைய இழையைத் தூக்குவதற்கு மன்னிக்கவும். நவம்பர் 30 முதல் ஹமில்ரன், வாட்டர்லூ உட்பட இன்னும் எட்டு நிலையங்களைத் திறந்துவிட்டார்கள். இன்று காலை போய் மாலையே வந்துவிட்டேன். அமெரிக்கா போக அன்ரிஜன் சோதனை. இரண்டு ஊசியும் போட்டு 72 மணிக்குள் திரும்பினால் கனடா இப்போது சோதனை கேட்பதில்லை. ஹமில்ரனில் இறங்கி, கைபேசிச் செயலியில் பதிந்ததைக் காட்டினேன். அதிகாரி விமானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு பட்டன்வில்.

கடைசிவரிசை | டிசம்பர் 4

நவம்பர் 8 தரை எல்லை திறந்த அன்றே அம்மாவிடம் போய்விட்டேன். சுரங்கப்பாதையில் நல்ல வரிசை. அக்கா எப்படி?

பட்டன்வில்172 | டிசம்பர் 4

தலைமுடி திரும்ப வளர்ந்திருக்கு. மனைவியும் வந்தா. ஏரிக்கு மேலாலேயே போவோம் என்று அவவே சொன்னா.