பேஸ் டேப்பிங்: நட்டில் ஹேர் பேண்ட் கட்டினால் அது வாசிப்பா?

கீழ்ஸ்தாயி:
நேற்று 'மூன்றுவிரல்' எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "மெட்டல் பேண்டில், கம்பியை மீட்டாமல் கழுத்தின்மேல் இரண்டு கையாலும் தட்டி டேப்பிங் செய்கிற பேஸ் கிட்டார்காரர், லீட் கிட்டார் கைக்கு வராத ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்கிறார். அதிலும் கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் நட்டில் ஹேர் பேண்ட் கட்டிக்கொண்டு தட்டுவது பித்தலாட்டம்" என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். ஏக்கமாம்! ஜான் மியங் 1992-ல் டிரீம் தியேட்டரின் 'மெட்ரோபோலிஸ்' பாட்டுக்குள் டேப்பிங் சோலோ வைத்தது ஏக்கத்திலா? ஸ்டூ ஹாம் பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா'வை ஒரே பேஸில் இரண்டு கையாலும் தட்டி 1988-ல் ஆல்பத்திலேயே போட்டாரே, அதுவும் ஏக்கமா?

மூன்றுவிரல்:
ஹாம் போட்டது தனி ஆல்பம். நான் பேசியது மெட்டல் பேண்டைப் பற்றி. மியங்கை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது பாட்டுக்கு நடுவில் வந்து போகிற சின்னத் துண்டு. அதைக் காட்டி எத்தனை வருடம் ஓட்டுவீர்கள்? ஹேர் பேண்டைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை பார்த்தீர்களா? கம்பியை விரலால் அடக்கத் தெரியாதவருக்குத்தான் துணி தேவை. கனிபல் கார்ப்ஸ் என்கிற மெட்டல் பேண்டில் அலெக்ஸ் வெப்ஸ்டர் மூன்று விரலால் அந்த வேகத்தில் மீட்டுகிறார். அதுதான் கை.

கீழ்ஸ்தாயி:
வாயைத் திறக்கிறேன், கேளுங்கள் தம்பி. மீட்டும்போது வலது கை ஒரு கம்பியை மீட்டிக்கொண்டே மற்றதை அடக்கும், இடது கையும் கொஞ்சம் அடக்கும். டேப்பிங்கில் இரண்டு கையும் கழுத்தின் குறுக்குப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் தட்டிக்கொண்டிருக்கின்றன. அடக்க எந்தக் கை மிச்சம்? மூன்றாவது கையா? அதுமட்டுமில்லை. விரல் கம்பியைத் தட்டி அழுத்தியதும் ஒலியை வாங்கும் பிக்அப் பக்கம் மட்டும் அதிர்வதில்லை, விரலுக்குப் பின்னால் நட் பக்கம் இருக்கிற துண்டும் அதிரும். தொடாத கம்பிகளும் சேர்ந்து முனகும். அதன்மேல் ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் முனகல் அலறலாகும். அதற்குத்தான் அந்த வளையம். அடக்கத் தெரியாதவர் கட்டுவதில்லை, எது அதிர்கிறது என்று தெரிந்தவர் கட்டுவது.

புதுக்கம்பி:
வணக்கம். இப்போதுதான் டேப்பிங் பழக ஆரம்பித்திருக்கிறேன். ஆக்‌ஷனை, அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை, எவ்வளவு தாழ்வாக வைக்க வேண்டும்? இப்போது வைத்திருக்கிற உயரத்தில் தட்டினால் சத்தமே வரவில்லை.

மூன்றுவிரல்:
ஒன்று, நான் உங்களுக்குத் தம்பி இல்லை. இரண்டு, நட்டில் பேண்ட் கட்டினால் திறந்த கம்பி செத்துப்போகும். மெட்டல் ரிஃப்பின் உயிரே திறந்த ஈ கம்பியில்தான் இருக்கிறது, 41 ஹெர்ட்ஸ். அதைக் கழுத்தை நெரித்துவிட்டு மேலே கிளுகிளு என்று தட்டினால் இசைக்குழுவுக்கு அடித்தளம் யார் கொடுப்பது?

கீழ்ஸ்தாயி:
தள்ளிவிட்டால் போச்சு! வேண்டாதபோது பேண்டை நட்டைத் தாண்டி டியூனர் பக்கம் தள்ளிவிட வேண்டும், திறந்த கம்பி பழையபடி முழங்கும். அரை விநாடி வேலை.

இரட்டைப்பெடல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், டிரம்ஸ் வாசிக்கிறவன். நிமிடத்துக்கு 200 பீட் ஓடுகிற பாட்டில் ஒரு பீட் 0.3 விநாடி. அரை விநாடி என்றால் ஒன்றரை பீட்டுக்கு மேல். அந்த நேரம் நான் இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டிருப்பேன், பேஸ்காரர் தலைமுடி அலங்காரம் செய்துகொண்டிருப்பார்.

மூன்றுவிரல்:
😂😂 இதற்குமேல் நான் என்ன சொல்ல.

கீழ்ஸ்தாயி:
டிரம்ஸ்காரரே, உங்கள் கிக் டிரம்முக்குள் தலையணை இருக்கிறதா இல்லையா? தோலில் டேப் ஒட்டியிருக்கிறீர்களா இல்லையா? அது முழக்கம் அடங்கத்தானே? உங்களுக்கென்றால் ஒலி நுணுக்கம், எனக்கென்றால் பித்தலாட்டமா?

மூன்றுவிரலுக்கு ஒரு சரித்திரப் பாடம். ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரசிஷன் பேஸில், கம்பிகளின் கீழ்முனை உட்காரும் பிரிட்ஜின் மூடிக்குள் கம்பியை அடக்க நுரைப்பஞ்சு வைத்தே விற்றார்கள். ஜேம்ஸ் ஜேமர்சன் அந்தப் பஞ்சோடுதான் மோடவுன் பாட்டுகளை ஒற்றை விரலால் வாசித்தார். அவரும் பித்தலாட்டக்காரரா? கிட்டார் பக்கம் ஜெனிஃபர் பேட்டன் டேப்பிங்குக்காகவே கம்பி அடக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். மைக்கேல் ஜாக்சன் மேடையில் வாசித்தவர். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்து பேசலாம்.

மூன்றுவிரல்:
ஜேமர்சன் டேப்பிங் செய்தாரா? பஞ்சு பிரிட்ஜில், பேண்ட் நட்டில். பிரிட்ஜில் பஞ்சு இருந்தாலும் திறந்த கம்பி பேசும். நட்டில் கட்டினால் பேசாது. நான் நட்டைப் பற்றிச் சொன்னேன். நட்.

ஒலிப்பெட்டி:
மேடையில் மிக்ஸ் செய்கிறவன் பார்வையில் சொல்கிறேன். பேண்டைக் கட்டுங்கள், கட்டாமல் போங்கள், எனக்குக் கவலை இல்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தட்டினால் ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது, அதாவது கிட்டாரின் திறந்த ஈ. ஜி கம்பி 196. இரண்டு கிட்டார் டிஸ்டார்ஷனோடு இரைகிற இடத்தில் நீங்களும் போய் நின்றால் உங்களை எங்கே தேடுவது? தட்டுகிற சத்தம் மீட்டலைவிட மெலிது வேறு, மெல்லிய சத்தத்தைத் தூக்க கம்ப்ரசரைப் பிழிய வேண்டும். அப்புறம் "பேஸ் கேட்கவே இல்லை" என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.

இரட்டைப்பெடல்:
பேஸ் கேட்காததற்கு டேப்பிங் எதற்கு? மெட்டாலிகா 1988-ல் போட்ட ஆல்பத்தில் அவர்கள் பேஸ்காரர் நியூஸ்டெட் டேப்பிங்கா செய்தார்? மிக்ஸிலேயே காணாமல் போனார்.

ஒலிப்பெட்டி:
அந்த மிக்ஸுக்கு உலகத்தில் இருக்கிற எல்லா ஒலிக்காரரையும் திட்டுவதை எப்போது நிறுத்துவீர்கள்? போன மாதம் ஐந்து கம்பி விவாதத்திலும் இதையேதான் சொன்னீர்கள்.

இரட்டைப்பெடல்:
அதற்குப் பதில் இன்னும் வரவில்லை என்பதால் மறுபடி சொல்கிறேன்.

கீழ்ஸ்தாயி:
ஒலிப்பெட்டி சொன்னது பாதிதான் சரி. இரண்டு கையும் மேலேயே போக வேண்டும் என்று யார் சொன்னது? இடது கை ஈ கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டைத் தட்டிப் பிடிக்கட்டும், 55 ஹெர்ட்ஸ் ஏ. வலது கை டி கம்பியில் பதினொன்றாவது ஃப்ரெட்டைத் தட்டட்டும். சி ஷார்ப் கிடைக்கும். அடித்தளமும் இருக்கிறது, மேலே மேஜர் நிறமும் வந்துவிட்டது. இடைப்பட்ட இடத்தை கிட்டார் எடுத்துக்கொள்ளட்டும். பில்லி ஷீஹன் தன் பேஸில் கழுத்துப் பக்கம் இன்னொரு பிக்அப் பொருத்தி அதற்குத் தனி அவுட்புட் எடுத்தார். அடி ஒலி ஒரு ஆம்ப்புக்கு, அலறல் இன்னொரு ஆம்ப்புக்கு. எழுபதுகளிலிருந்து மேடை ஏறுகிறவருக்குத் தெரிந்தது, விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை.

மூன்றுவிரல்:
ஷீஹன் ஹார்ட் ராக். மெட்டல் இல்லை.

கீழ்ஸ்தாயி:
ஆரம்பித்துவிட்டாரய்யா! ஹாம் தனி ஆல்பம், மியங் சின்னத் துண்டு, ஷீஹன் ஹார்ட் ராக். எஞ்சுவது யார், நீங்கள் மட்டும்தானே? அதே ஷீஹனும் பால் கில்பர்ட்டும் 1991-ல் மிஸ்டர் பிக் பேண்டில் டிரில்லிங் மெஷின் முனையில் கம்பி மீட்டும் பிக் ஒட்டி வாசித்தார்கள். மெஷினுக்குக் கை தட்டுவீர்கள், ஒரு துணி வளையத்தைக் கண்டால் மட்டும் உங்கள் கலைமானம் கப்பலேறிவிடும்.

மூன்றுவிரல்:
டிரில்லை நட்டிலா கட்டினார்கள்?

இரட்டைப்பெடல்:
அப்படியே 'கலைமானம்' என்றால் என்ன என்று யாராவது சொல்லுங்கள்.

கீழ்ஸ்தாயி:
டிரம்ஸ்காரருக்கு இலக்கணம் எதற்கு? தலையணையைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

மூன்றுவிரல்:
நேராகவே கேட்கிறேன். உங்கள் வாசிப்பை எத்தனையோ முறை இங்கே போட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் நட்டில் அந்தக் கறுப்பு பேண்ட் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு டேப்பிங் ரிஃப், டிஸ்டார்ஷனோடு, வாசித்துப் போடுங்கள்.

கீழ்ஸ்தாயி:
எத்தனையோ முறை பார்த்திருக்கிறீர்கள் என்பதே எனக்குப் போதும் தம்பி.

மூன்றுவிரல்:
தம்பி என்று கூப்பிடாதீர்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கழற்றுவீர்களா, மாட்டீர்களா?

கீழ்ஸ்தாயி:
நீங்கள் ஒரு விரலை மடக்கிக்கொண்டு அதே வெப்ஸ்டர் பாட்டை வாசித்துப் போடுங்கள், நான் கழற்றுகிறேன்.

புதுக்கம்பி:
ஆக்‌ஷன் பற்றிக் கேட்டிருந்தேன்... ஹேர் பேண்ட் வாங்கிவிட்டேன். அதை முதல் ஃப்ரெட்டின் மேல் கட்டுவதா, நட்டின் மேலேயேவா?

மூன்றுவிரல்:
பார்த்தீர்களா, ஒரு பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்கள்.

கீழ்ஸ்தாயி:
நட்டை ஒட்டி, முதல் ஃப்ரெட்டுக்கு முன்னால். ரொம்ப இறுக்க வேண்டாம். மூன்றுவிரல், விரலை மடக்கியாயிற்றா?