அணிவகுப்புக்கு முன்பே படம் காட்டிவிட்டார்கள்: பெரியம்மாவின் நினைவை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி – வைகைக்கரைவாசி

என் பெரியம்மாவுக்கு வயது 62. இரண்டு மாதங்களுக்கு முன் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி அதிகாலை நடைப்பயிற்சி சென்றபோது, பைக்கில் வந்த இருவரில் பின்னால் அமர்ந்திருந்தவன் அவருடைய தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். முகத்தைப் பார்த்தது சில நொடிகள்தான். மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு வந்த காவலர் ஒருவர், கைப்பேசியில் ஒரே ஓர் ஆளின் படத்தைக் காட்டினார். "இவன் மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் அடித்துச் சொல்ல முடியவில்லை" என்று பெரியம்மா சொன்னதை அருகிலிருந்து நானே கேட்டேன். "சரியாகச் சொன்னீர்கள் அம்மா, இவனேதான்" என்றார் காவலர். இப்போது பெரியம்மா, கண்ணை மூடினாலும் அந்த முகம்தான் வருகிறது என்கிறார். அடுத்த வாரம் சிறை வளாகத்தில் நீதித்துறை நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு, அதாவது பலரை வரிசையாக நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் சோதனை, நடக்க இருக்கிறது. பெரியம்மா பொய் சொல்பவர் அல்லர். ஆயினும் அன்றைய தயக்கம் எப்படி இவ்வளவு உறுதியாக மாறியது என்பது என்னை உறங்க விடவில்லை. ஆய்வுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

பதில் – பரங்குன்றம் ஆசிரியர்

உளவியல் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் பெரியம்மா நேர்மையானவர் என்பதும், அவர் தவறான ஆளைக் காட்டக்கூடும் என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்ட் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, நீங்கள் விவரித்த நிகழ்வை அப்படியே ஒத்திருக்கிறது. கண்காணிப்புக் கேமராப் பதிவில் ஒருவனைப் பார்த்தவர்களிடம், அவன் படமே இல்லாத படத்தொகுப்பைக் கொடுத்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஆகவே காட்டியவர்கள் அனைவரும் தவறாகவே காட்டினார்கள். சிலரிடம் மட்டும் "நன்று, சரியான ஆளைக் காட்டிவிட்டீர்கள்" என்று சொல்லப்பட்டது. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, முதலிலிருந்தே தமக்கு உறுதி இருந்ததாகவும், முகத்தைத் தெளிவாகவும் கவனமாகவும் பார்த்ததாகவும் அவர்கள் கூறினார்கள். அதாவது பாராட்டு இன்றைய உறுதியை மட்டுமன்றி, அன்று எவ்வளவு நன்றாகப் பார்த்தோம் என்ற நினைவையும் சேர்த்தே மாற்றிவிடுகிறது.

இங்கே ஒரு புதிர் உண்டு. 1973-இல் லயனல் ஸ்டாண்டிங் செய்த ஆய்வில் 10,000 படங்களைப் பார்த்தவர்கள், பின்னர் இரண்டு படங்களில் பார்த்தது எது என்று கேட்டபோது 83 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அவ்வளவு வலிமையான நினைவு ஒரு முகத்தில் எப்படித் தவறும்? அந்தச் சோதனையில், பார்த்த படம் இரண்டில் ஒன்றாக எப்போதும் இருந்தது. அதுவும் அதே படம். அணிவகுப்பிலோ உண்மையான குற்றவாளி வரிசையில் இல்லாமலே போகலாம். அப்போதும் பலர் "இதில் யாரும் இல்லை" என்று சொல்வதில்லை. இருப்பவர்களுள் நினைவுக்கு மிக நெருங்கிய முகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் பெரியம்மா வரிசையில் நிற்கப்போகும் ஒருவனை ஏற்கெனவே படத்தில் பார்த்துவிட்டார். அந்த முகம் பழகியதாகத் தோன்றுவதற்குத் தெப்பக்குளம் காரணமா, கைப்பேசி காரணமா என்பதை அவராலேயே பிரித்தறிய இயலாது. இதனால்தான் வெல்ஸ், ஜான் விக்ஸ்டெட், எலிசபெத் லாஃப்டஸ் முதலியோர் 2021-இல், ஒரு சந்தேக நபரைப் பற்றிய சாட்சியின் நினைவை ஒரே ஒரு முறைதான் சோதிக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

பதில் – மேலூர்க்காரர்

ஐயா, இப்படிப் பார்த்தால் எந்தத் திருடனையும் யாரும் அடையாளம் காட்ட முடியாதே? என் கடையில் திருடியவனை மங்கலான கேமராப் பதிவிலேயே நான் கண்டுபிடித்தேன், அது பொய்க்கவில்லை. அவன் முன்பு என்னிடம் வேலை பார்த்தவன்.

பதில் – பரங்குன்றம் ஆசிரியர்

உங்கள் அனுபவம் சரியானதே. அதற்கான விடை உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. 1999-இல் கிளாஸ்கோவில் மைக் பர்ட்டன் குழுவினர் தரம் குறைந்த கேமராப் பதிவுகளைக் கொண்டு சோதித்தார்கள். பதிவில் இருந்த ஆசிரியர்களை அவர்களிடம் படித்த மாணவர்கள் எளிதாக அறிந்துகொண்டார்கள். அவர்களை அறியாதவர்கள், காவலர்கள் உட்பட, தடுமாறினார்கள். பல கோணத்திலும் பல வெளிச்சத்திலும் பார்த்துப் பழகிய முகம் வேறு, இருட்டு விலகாத வேளையில் ஒரு முறை கண்ட முகம் வேறு.

முதல் முறை எவ்விதத் தூண்டுதலும் இல்லாமல் கேட்கும்போது சாட்சி காட்டும் உறுதிக்கு நல்ல மதிப்பு உண்டு என்பதை விக்ஸ்டெட்டும் வெல்ஸும் 2017-இல் விரிவாக நிறுவியிருக்கிறார்கள். ஆகவே சாட்சிகளே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இந்த வழக்கில் முதல் முறை வந்த சொல், "அடித்துச் சொல்ல முடியவில்லை" என்பது. அதுதான் பெரியம்மாவின் நினைவு தந்த உண்மையான விடை.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1984-இல் ஜெனிஃபர் தாம்ப்சன் என்ற மாணவி, தம்மைத் தாக்கியவர் ரொனால்ட் காட்டன் என்று முதலில் படத்தொகுப்பிலும் பிறகு அணிவகுப்பிலும் காட்டினார். 1987-இல் மறுவிசாரணையின்போது உண்மைக் குற்றவாளியையே நீதிமன்றத்தில் அவர் முன் நிறுத்தியும், இவரை நான் பார்த்ததே இல்லை என்றார். 1995-இல் டிஎன்ஏ பரிசோதனை காட்டனை விடுவித்தபோது பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தது. காட்டனின் முகம் தாம்ப்சனின் நினைவில் உண்மைக் குற்றவாளியின் முகம் இருந்த இடத்தில் அமர்ந்துவிட்டது.

பதில் – கூடல் வழக்கறிஞர்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணிவகுப்பு தன்னளவில் முதன்மைச் சாட்சியம் அன்று. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்று காட்டுவதே முதன்மையானது, அணிவகுப்பு அதற்குத் துணை நிற்பது. மல்கான் சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சாட்சிக்கு முன்கூட்டியே குற்றம் சாட்டப்பட்டவரையோ அவர் படத்தையோ காட்டியிருந்தால் அந்த அணிவகுப்பின் மதிப்பு பெரிதும் குறையும். ஆகவே படம் காட்டப்பட்டதைப் பெரியம்மா நடுவரிடம் தாமாகவே சொல்லி, அதைப் பதிவு செய்யக் கேட்பதுதான் முறை. மறைத்தால் பின்னாளில் குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டு அவருடைய மற்றக் கூற்றுகளும் ஐயத்துக்கு இடமாகும். நகை மீட்கப்பட்டிருந்தால், யாரிடமிருந்து எப்படி மீட்கப்பட்டது என்பதே இவ்வழக்கில் முகத்தைவிடப் பலமான சான்றாக இருக்கும்.

வைகைக்கரைவாசி

இருவருக்கும் நன்றி. அன்று பெரியம்மா சொன்ன சொற்களை, நாளும் நேரமும் குறித்து, எனக்கு நினைவிருக்கும்படியே எழுதி வைத்துவிட்டேன். பதில்களை அவருக்குப் படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படம் காட்டியதை அந்த நடுவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்" என்றார்.