கோயில் கூடச் சமையலறைக் குழியில் வெந்நீர்: நீர்மூழ்கிப் பம்பைப் பாதுகாப்பாகப் பொருத்துவது எப்படி?

சமையலறைப் பொறுப்பாளர், சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

வணக்கம். எங்கள் கோயில் கூடத்தின் சமையலறை சாலை மட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால், அங்கிருந்து வரும் கழிவு நீர் நகராட்சிச் சாக்கடைக்குத் தானாக ஓடுவதில்லை. பின்புறத்தில் ஒரு மீட்டர் நீள அகலமும் 1.2 மீட்டர் ஆழமும் உள்ள கான்கிரீட் குழியில் நீர் சேர்கிறது. அதை அரைக் குதிரைத்திறன் நீர்மூழ்கிப் பம்பு ஒன்று 40 மில்லிமீட்டர் பிவிசி குழாய் வழியாக ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்திற்கு ஏற்றி வெளியேற்றுகிறது.

வார நாட்களில் எந்தத் தொல்லையும் இல்லை. காவடி, புரட்டாசிச் சனிக்கிழமை, ஆடிக் கூழ் என்று பெருங்கூட்டத்திற்குச் சமைக்கும் நாட்களில் மட்டும், சோறு வடித்த கஞ்சி குழிக்குள் இறங்கிய சிறிது நேரத்தில் பம்பு நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து யாரும் தொடாமலேயே மறுபடியும் ஓடுகிறது. சென்ற விழாவில், மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்சும் விழுந்து சமையலறை முழுவதும் இருண்டது. நீருக்குள்ளேயே வேலை செய்யும் பம்புக்கு நீரால் என்ன ஆகும் என்று சொல்லிக் கடைக்காரர் அதே வகையில் புதியது ஒன்றைத் தந்தார். அதுவும் அதே போக்கில்தான் போகிறது. தொண்டர் ஒருவர் எர்த் லீக்கேஜ் இல்லாத இணைப்பிலிருந்து பம்புக்கு மின்சாரம் கொடுத்துவிடலாம் என்கிறார். அடுத்த விழாவுக்குள் இதை முறையாகச் செய்து முடிக்க விரும்புகிறோம். எந்தப் பம்பு வாங்க வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஐயா, மற்றதெல்லாம் பிறகு. அந்தத் தொண்டரின் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். எர்த் லீக்கேஜ் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும்படி அமைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் மனித உடலில் பாய்ந்தால் இதயத் துடிப்பே குலைந்து போகக்கூடும் என்பதுதான். ஈரத் தரையில் வெறுங்காலுடன் அண்டா கழுவும் இடத்தில் உங்களுக்கு இருக்கும் கடைசிக் காவல் அது. அது விழுந்தது என்றால் பம்பு மோட்டாரின் காயிலுக்கோ (செப்புக் கம்பிச் சுருளுக்கோ) கேபிளுக்கோ நீர் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் மறுபடியும் சுவிட்சைத் தூக்கி விட்டுப் பார்க்காமல், பிளக்கைப் பிடுங்கி, பம்பை வெளியே எடுத்து, 500 வோல்ட் மெக்கர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துக் காயிலுக்கும் பம்பின் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தப் பம்பை மீண்டும் குழியில் இறக்கக் கூடாது.

பம்பு பழுதுபார்ப்பவர், இசிபிங்கோ

அரை மணி நேரம் கழித்துத் தானாக ஓடுகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே நோயைச் சொல்லிவிடுகிறது. சிறிய ஒற்றை ஃபேஸ் மோட்டார்களின் காயிலுக்குள் வெப்பக் காப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும். காயில் அளவுக்கு மீறிச் சூடானால் அது மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் தானே சேர்த்துவிடும். நீர்மூழ்கிப் பம்பின் மோட்டாருக்கு விசிறி கிடையாது. சுற்றியிருக்கும் நீர்தான் அதன் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், அந்த நீரே கொதிக்கும் நிலையில் இருந்தால் மோட்டார் தன் சூட்டை யாரிடம் கொடுக்கும்? கடைக்காரர் சொன்னது குளிர்ந்த நீருக்கு மட்டுமே பொருந்தும்.

தயவுசெய்து இரண்டு விவரங்களைத் தாருங்கள். பம்பின் தகட்டில் நீரின் உச்ச வெப்பநிலை எவ்வளவு என்று பொறித்திருக்கிறது? கஞ்சி இறங்கிய பின் குழி நீரின் வெப்பநிலை எவ்வளவு? கையை விட்டுப் பார்க்க வேண்டாம். 60 டிகிரி நீர் ஏறத்தாழ 5 விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். சமையல் வெப்பமானியை ஒரு நீண்ட கம்பியில் கட்டி இறக்குங்கள்.

சமையலறைப் பொறுப்பாளர், சாட்ஸ்வொர்த்

பதில்களுக்கு நன்றி. பழைய பம்பை மெக்கரில் வைத்தோம். முள் பூஜ்யத்தை விட்டு எழவே இல்லை. அடிப்பக்க மூடியைக் கழற்றியபோது எண்ணெய் அறையில் எண்ணெய்க்குப் பதிலாகப் பால் கலந்த தேநீர் போன்ற திரவம் வழிந்தது, தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் விரல் பட்டதும் கரி போல நொறுங்கியது. தகட்டில் 40 டிகிரி என்று இருக்கிறது. நேற்று ஒரு கல்யாணச் சமையலின்போது குழியில் அளந்தால் 68 டிகிரி காட்டியது.

சலவைக்கூடப் பராமரிப்பாளர், ரோஸ் ஹில் (மொரீசியஸ்)

விடுதிச் சலவைக்கூடங்களில் இதே தொல்லையைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த நேர்வழி, 90 டிகிரி வரை தாங்கும் வெந்நீர்ப் பம்பை வாங்கிப் போடுவதுதான். அவற்றில், தண்டு வழியே மோட்டாருக்குள் நீர் புகாமல் தடுக்கும் சீலின் உராயும் முகங்கள் தேயாத சிலிக்கான் கார்பைடாக இருக்கும், ரப்பர் பகுதிகள் ‘விட்டான்’ (Viton) என்னும் வெப்பம் தாங்கும் ரப்பராக இருக்கும், காயிலின் காப்பு உயர்ந்த வகுப்பில் இருக்கும். விலை மும்மடங்கு ஆனாலும் ஒருமுறைச் செலவோடு முடிந்துவிடும். சில சாதாரணப் பம்புகளின் ஏட்டில், 70 டிகிரி நீரை அரை மணிக்கு ஒருமுறை 2 நிமிடம் மட்டும் ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். அதை நம்பி வாங்காதீர்கள், விழா நாளில் அந்த 2 நிமிடக் கணக்கை யார் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

பம்பு பழுதுபார்ப்பவர், இசிபிங்கோ

மொரீசியஸ் நண்பர் பம்பைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. ஆனாலும், இந்தச் சமையலறைக்கு நான் அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். ஏனெனில் பம்பு தாங்கினாலும் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் தாங்காது.

முதலில் குழாயைப் பாருங்கள். பிவிசி குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த வகுப்பு 20 டிகிரி நீருக்கு உரியது. சூடு ஏற ஏற அதன் வலு இறங்கிக்கொண்டே வந்து, 60 டிகிரியைக் கடந்த நீரில் குழாய் தொய்ந்துவிடும், பசையிட்ட மூட்டுகள் விட்டுக்கொடுக்கும். கேபிளின் பிவிசி உறைக்கு 70 டிகிரி என்பது, உள்ளே மின்சாரம் ஓடுவதால் செப்புக் கம்பிக்கு ஏறும் சூட்டையும் சேர்த்த வரம்பு. நீரே 68 டிகிரியில் நிற்கும்போது மிச்சம் எதுவும் இல்லை. நீர்மட்டத்துக்கேற்பப் பம்பை ஓட்டி நிறுத்தும் பிளாஸ்டிக் மிதவை சுவிட்ச் அந்தச் சூட்டில் கோணலாகி, அதற்குள் நீர் புகுந்து, மேலே எழும்பாமல் போவதையும் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, டர்பனை ஆளும் எதெக்வினி நகராட்சியின் கழிவுநீர் விதிப்படி சாக்கடைக்குள் விடும் நீர் 44 டிகிரியைத் தாண்டக் கூடாது. 90 டிகிரிப் பம்பு அந்த விதியை வேகமாக மீறத்தான் உதவும்.

கொழுப்பு இன்னொரு காரணம். சமையலறை நீர் குழிக்கு வருமுன் கொழுப்புத் தடுப்புத் தொட்டி வழியாக வர வேண்டும் அல்லவா? அந்தத் தொட்டி வேலை செய்வதே, கொழுப்பு ஆறி உறைந்து மேலே மிதப்பதால்தான். நீர் கொதிக்கக் கொதிக்க வந்தால் கொழுப்பு உருகிய நிலையிலேயே தொட்டியைத் தாண்டிப் போய், சாக்கடைக் குழாயில் எங்கோ ஓரிடத்தில் ஆறி அடைத்துக்கொள்ளும். ஆகவே நீரை ஆற வைக்க வேண்டிய இடம் குழிக்கு முன்னால், கொழுப்புத் தொட்டிக்கும் முன்னால்.

சமையலறைப் பொறுப்பாளர், சாட்ஸ்வொர்த்

கஞ்சி இறங்கும்போது குழாய் நீரைத் திறந்துவிட்டுக் கலந்தால் போதாதா? அது எளிதாகத் தோன்றுகிறது.

பம்பு பழுதுபார்ப்பவர், இசிபிங்கோ

கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐயா. கஞ்சி 95 டிகிரி, நம் கோடைக்காலக் குழாய் நீர் 24 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 100 லிட்டர் கஞ்சியை 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 344 லிட்டர் குளிர்ந்த நீர் வேண்டும். நான்கைந்து அண்டா வடித்தால் குழியின் கொள்ளளவையே தாண்டிவிடும். விழா நாளில் குழாய் நீரும் வராமல் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? டர்பனில் நீர் தடைபடுவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாத்திரம் கழுவும் நீருக்கு மட்டும் இந்த வழி ஒத்துவரும்: கீசரிலிருந்து 60 டிகிரியில் வரும் 100 லிட்டருக்கு 125 லிட்டர் போதும். அதுவும் பெரும்பாலும் அலசும் நீரோடு தானாகவே கலந்துவிடுகிறது.

உங்கள் எதிரி கஞ்சி ஒன்றுதான். அதைக் குழிக்கு அனுப்பாதீர்கள். மூடியுடன் கூடிய 200 லிட்டர் எவர்சில்வர் தொட்டியை அடுப்பங்கரையிலேயே தாழ்வாக வைத்து, வடிக்கும் கஞ்சி அதில் விழும்படி செய்யுங்கள். அடிப்பக்கத்தில் ஒரு பந்து வால்வு (ball valve) இருக்கட்டும். பெருஞ்சமையலுக்கு இரண்டு தொட்டிகள் இருந்தால் ஒன்று ஆறும்போது மற்றொன்றில் வடிக்கலாம். கொதிக்கும் தொட்டியை யாரும் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்பதற்காகவே அதைத் தரையில் பொருத்தச் சொல்கிறேன். முழுதும் ஆறவிட்டால் கஞ்சி கூழாகத் திரண்டு வால்வை அடைக்கும். 40 டிகிரியை ஒட்டி வந்ததும் அலசு நீரோடு சேர்த்துச் சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் உப்புப் போடாத கஞ்சிக்கு நல்ல வழி கிடைத்துவிடும், நகராட்சிக்கும் மிச்சம்.

இனி பம்பு. யாராவது ஒருநாள் மறந்துபோய்க் கஞ்சியைக் குழியில் கவிழ்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டே வாங்க வேண்டும். அதனால் 60 டிகிரி நீரில் இடைவிடாமல் ஓடலாம் என்று தகட்டிலேயே எழுதியிருப்பதையும், பருக்கை சிக்காமல் கடக்கும் சுழல்வகை இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சக்கரம்) உள்ளதையும் கேளுங்கள். அதன் கேபிளும் மிதவையும் அதே வெப்பத்துக்கு உரியவையா என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைகளில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பொருத்தும்போது முதலில் பிளக்கைப் பிடுங்கி வேலை செய்பவரின் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். நீர் ஆறிய பிறகு குழியை இறைத்துக் கழுவி, மூடியைத் திறந்து காற்றோட ஒரு மணி நேரம் விட்டு, மேலே ஒருவர் காவல் நிற்காமல் யாரும் உள்ளே தலையைக்கூட நுழைக்கக் கூடாது. கொழுப்பும் மாவும் புளித்த குழியில் மூச்சடைக்கும் வாயு தங்கியிருக்கும். பம்பை அடிச்சேற்றில் வைக்காமல் செங்கல் மேடை ஒன்றின் மேல் நிறுத்துங்கள். இறக்கவும் ஏற்றவும் கைப்பிடியில் எவர்சில்வர் சங்கிலி மாட்டுங்கள். கேபிளைப் பிடித்துத் தூக்கினால், அது பம்புக்குள் நுழையும் இடத்தில் உள்ள சீல் முதல் நாளே தளர்ந்துவிடும். மிதவை எவ்வளவு தாழ்ந்தால் பம்பு நிற்க வேண்டும் என்பதை, மோட்டாரின் உடல் எப்போதும் நீருக்குள் இருக்கும்படி உயர்த்தி வையுங்கள். குழியின் உள்ளே செல்லும் குழாயைப் வெந்நீர் தாங்கும் பிபிஆர் பிளாஸ்டிக் குழாயாகவோ துத்தநாகம் பூசிய கல்வனைஸ் இரும்புக் குழாயாகவோ மாற்றி, ஒருவழி வால்வுக்குக் கீழே 3 மில்லிமீட்டர் துளை ஒன்றைக் குழியின் தரையை நோக்கிப் போடுங்கள். வெந்நீரில் எழும் ஆவியும் காற்றும் அந்தத் துளை வழியாக வெளியேறாவிட்டால், பம்பு சுற்றிக்கொண்டே இருக்கும், நீர் ஏறாது. மூடிக்கு மேலே, கழற்றி மாட்டக்கூடிய யூனியன் மூட்டு ஒன்று இருந்தால், அடுத்த முறை குழாயை அறுக்க வேண்டியிராது.

எலக்ட்ரீஷியன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மின் பக்கத்தைச் சேர்க்கிறேன். குழிக்குள் எந்த இணைப்புப் பெட்டியும் கேபிள் ஒட்டும் வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வந்த கேபிள் முழுநீளமாக வெளியே வந்து, சுவரில் உயரமாக உள்ள பிளக்கில் முடியட்டும். பிளக்குக்குச் சற்று முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிள் செல்லும் கான்டூயிட் குழாயின் குழிப்பக்க வாயைக் கண்டிப்பாக அடையுங்கள். அடைக்காமல் விட்ட ஓரிடத்தில், குழியின் ஆவி கான்டூயிட் வழியே ஏறி டிபி பெட்டிக்குள் (மின் பகிர்வுப் பெட்டிக்குள்) குளிர்ந்து, பிரேக்கர்களின் மேல் துளித்துளியாக நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

பம்புக்கென்று தனிச் சர்க்யூட்டும் தனி எர்த் லீக்கேஜும் போட்டால், அது விழும்போது சமையலறை விளக்கு அணையாது. புதிய சாக்கெட் சேர்ப்பது மின் அமைப்பில் மாற்றம் என்பதால், 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிமுறைப்படி பதிவு பெற்றவர் செய்து சான்றிதழ் தர வேண்டும். கோயில் கூடத்துக்கு விலக்கு ஏதும் இல்லை. மின்வெட்டின்போதும் உங்கள் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும், நீரும் குழிக்கு வந்துகொண்டேதான் இருக்கும். ஆகையால் உயர்மட்ட மிதவை ஒன்றைப் பேட்டரி மணியோடு இணைத்து அடுப்பங்கரையில் ஒலிக்க விடுங்கள்.

சமையலறைப் பொறுப்பாளர், சாட்ஸ்வொர்த்

அனைவருக்கும் நன்றி. கஞ்சித் தொட்டிகள் இரண்டுக்கும் தகரப் பட்டறையில் சொல்லிவிட்டோம். குழிக்குள் குழாயை மாற்றினாலும் சுவரைத் தாண்டிச் சாக்கடை வரை செல்லும் பிவிசி குழாயையும் மாற்ற வேண்டுமா என்பது மட்டும் மீதியுள்ள ஐயம்.

பம்பு பழுதுபார்ப்பவர், இசிபிங்கோ

கஞ்சி தொட்டியிலேயே நின்றுவிட்டால் வேண்டியதில்லை. இப்போது தொய்ந்திருக்கும் பகுதியை மட்டும் வெட்டி மாற்றி, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கிளாம்ப் போடுங்கள். முதல் பெருஞ்சமையலின்போது யூனியன் மூட்டுக்கு அருகில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 44க்கு மேல் காட்டினால் தொட்டி வால்வை யாரோ முன்னதாகவே திறந்துவிட்டார்கள்.